"நிக்கான் மவுண்ட்" என்று போட்டிருந்தால் போதுமா? டி5300-க்கு செகண்ட் ஹேண்ட் லென்ஸ் தேடுபவருக்கு

கேள்வி இது: "என்னிடம் நிக்கான் டி5300 இருக்கிறது, கூடவே வந்த 18-55 லென்ஸும் இருக்கிறது. வேடந்தாங்கல் பக்கம் போனால் பறவைகளை எடுக்க ஒரு 70-300, வீட்டுக்குள் குழந்தைகளை எடுக்க ஒரு 50 எம்எம் வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலும் நிறைய வருகின்றன. எல்லாரும் 'நிக்கான் மவுண்ட், எந்த நிக்கான் டிஎஸ்எல்ஆரிலும் போடலாம்' என்கிறார்கள். பணம் அனுப்புவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்?"

மவுண்ட் என்றால் லென்ஸைக் காமிராவில் மாட்டுகிற இடம். போடலாம் என்பது அநேகமாக உண்மைதான். போட்ட பிறகு என்ன ஆகும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. அவருடைய டி7200-ல் ஜம்மென்று ஓடிய லென்ஸ் உங்கள் டி5300-ல் ஃபோகஸே ஆகாமல் நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் எதையும் கெடுக்கவில்லை, பணம் மட்டும் போய்விட்டது.

லென்ஸ் பொருந்துமா என்ற ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பாடியில், அதாவது காமிராவில், உட்காருமா? ஆட்டோஃபோகஸ் ஆகுமா? பாடியிலிருந்தே அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியுமா? வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் வேலை செய்யுமா? நிக்கானில் முதல் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் "ஆமாம்" என்றே பதில் வரும். அந்த ஒரு ஆமாமைக் கேட்டுவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறோம்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-ல் வந்தது. அப்போதிருந்து மாட்டுகிற அந்த வளையத்தின் அளவை அவர்கள் மாற்றவே இல்லை. கேனான் 1987-ல் தன் பழைய எஃப்டி மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழுக்க மின்சாரத் தொடர்பிலேயே ஓடும் ஈஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அப்போது திட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு கேனானில் ஈஎஃப் லென்ஸ் என்றால் மோட்டாரும் லென்ஸுக்குள், அபெர்ச்சர் கட்டுப்பாடும் லென்ஸுக்குள், குழப்பமே கிடையாது. நிக்கான் பழைய வாடிக்கையாளரை விடாமல், அதே வளையத்துக்குள் ஒவ்வொரு வசதியாகச் சொருகிக்கொண்டே வந்தது. 1977-ல் ஏஐ என்ற மீட்டர் இணைப்பு. 1986-ல் எஃப்-501 காமிராவோடு ஆட்டோஃபோகஸ், அதுவும் பாடிக்குள் மோட்டார் வைத்து, ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்றுகிற முறையில். பிறகு லென்ஸுக்குள்ளேயே மோட்டார். பிறகு மின்காந்த அபெர்ச்சர். பிறகு ஸ்டெப்பிங் மோட்டார். எல்லாம் ஒரே வளையம்.

உங்கள் சிக்கல் ஆரம்பிப்பது 2006-ல். அந்த வருடம் வந்த டி40-ல், சின்னதாகவும் மலிவாகவும் ஒரு பாடி வேண்டும் என்பதற்காக, பாடியில் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். டி40, டி60, டி3000-லிருந்து டி3500 வரை, டி5000-லிருந்து டி5600 வரை, ஒன்றிலும் பாடி மோட்டார் இல்லை. உங்கள் டி5300 இந்த வரிசையில்தான் வருகிறது. டி90, டி7000, டி7100, டி7200, டி7500, டி500, டி610, டி750, டி850 ஆகியவற்றில் உண்டு. சந்தேகமாக இருந்தால் லென்ஸைக் கழற்றி பாடியின் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். மோட்டார் உள்ள பாடியில் வளையத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னத் திருப்புளியின் முனை மாதிரி இரும்பு எட்டிப் பார்க்கும். உங்களுடையதில் அது இருக்காது.

ஆக நீங்கள் தேட வேண்டியது, மோட்டாரைத் தனக்குள் வைத்திருக்கும் லென்ஸ்.

அதைப் பெயரிலேயே கண்டுபிடிக்கலாம். நிக்கான் லென்ஸின் பெயரில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து ஃபோகஸைப் பற்றியது, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து அபெர்ச்சரைப் பற்றியது. முன்னால் வெறும் "ஏஎஃப்" என்று மட்டும் இருந்தால் மோட்டார் இல்லை. "ஏஎஃப்-எஸ்" அல்லது "ஏஎஃப்-பி" என்று இருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. ("ஏஎஃப்-ஐ" என்றும் பழைய பெரிய டெலி லென்ஸ்கள் சில உண்டு, மோட்டார் உள்ளவைதான், ஆனால் நம் பட்ஜெட்டுக்கு அவை கண்ணில் படாது.) பின்னால் "டி" என்றால் லென்ஸில் அபெர்ச்சர் வளையம் இருக்கும், "ஜி" என்றால் வளையம் இல்லை, "ஈ" என்றால் அபெர்ச்சரை மின்சாரம் இயக்குகிறது.

இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் ரொம்பப் பேர். "டி லென்ஸ் வாங்காதே, ஜி லென்ஸ் வாங்கு" என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதி சரி. ஏஎஃப்-எஸ் 300 எம்எம் எஃப்/4டி என்ற லென்ஸ் "டி"தான், ஆனால் மோட்டார் உண்டு, உங்கள் பாடியில் ஓடும். மறுபக்கம், பெயரில் "ஜி" இருந்தும் மோட்டார் இல்லாத லென்ஸ் இருக்கிறது. அதுதான் நீங்கள் தேடுகிற 70-300.

நிக்கான் எஃப் மவுண்டில் "70-300" என்ற பெயரில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் ஆறு இருக்கின்றன. விளம்பரத்தில் எல்லாமே "நிக்கான் 70-300 டெலி ஜூம்" என்று ஒரே மாதிரிதான் வரும். ஆறையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது ஏஎஃப் 70-300 எஃப்/4-5.6டி ஈடி. அபெர்ச்சர் வளையம் உண்டு, மோட்டார் இல்லை. இரண்டாவது ஏஎஃப் 70-300 எஃப்/4-5.6ஜி. வளையமும் இல்லை, மோட்டாரும் இல்லை, விஆர் எனப்படும் கை நடுக்கத் தடுப்பும் இல்லை. ஃபிலிம் காமிரா காலத்தில் மலிவு விலைக்கென்று வந்தது, கறுப்பிலும் வெள்ளி நிறத்திலும் உண்டு. ஓஎல்எக்ஸில் 70-300 ஒன்று நம்ப முடியாத விலைக்கு வந்தால் முதலில் இதைத்தான் நான் சந்தேகப்படுவேன். பார்க்கப் புதிய லென்ஸ் மாதிரியே இருக்கும், "ஜி" என்றும் எழுதியிருக்கும், உங்கள் பாடியில் ஷட்டரை எவ்வளவு அழுத்தினாலும் ஃபோகஸ் அசையாது.

மூன்றாவது ஏஎஃப்-எஸ் விஆர் 70-300 எஃப்/4.5-5.6ஜி, 2006-ல் வந்தது. மோட்டார் உண்டு, விஆர் உண்டு, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பாடியிலும் போடலாம். உங்கள் பாடியில் எந்த அப்டேட்டும் இல்லாமல் அப்படியே ஓடும். நான்காவதும் ஐந்தாவதும் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3ஜி, 2016-ல் வந்தவை. (டிஎக்ஸ் என்றால் உங்களுடையது மாதிரி சின்ன சென்சாருக்கானது.) ஒன்றில் விஆர் உண்டு, மற்றொன்றில் இல்லை. இரண்டுக்கும் உருவத்தில் வித்தியாசமே தெரியாது. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் பெயரில் "விஆர்" இருக்கிறதா என்பதுதான் ஒரே அடையாளம். ஆறாவது ஏஎஃப்-பி 70-300 எஃப்/4.5-5.6ஈ விஆர், ஃபுல் ஃபிரேமுக்கானது, 2017-ல் வந்தது, விலை அதிகம்.

ஆறையும் படத்தில் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஃபில்டர் அளவைக் கேளுங்கள். முன் மூடியின் உள்பக்கத்திலோ லென்ஸின் முன் வளையத்திலோ அந்த எண் இருக்கும். மோட்டார் இல்லாத பழைய இரண்டுக்கும் 62 எம்எம். ஏஎஃப்-எஸ் விஆருக்கும் ஃபுல் ஃபிரேம் ஏஎஃப்-பி-க்கும் 67. டிஎக்ஸ் ஏஎஃப்-பி இரண்டுக்கும் 58. நிக்கான் 70-300, ஃபில்டர் 62 என்று பதில் வந்தால் உங்களுக்கு ஆகாது. மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.

இதில் ஏஎஃப்-பி பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த வகை லென்ஸ்கள் வந்தது டி5300-க்குப் பிறகு. ஆகவே உங்கள் பாடியின் ஃபர்ம்வேரை (காமிராவுக்குள் ஓடும் மென்பொருளை) அப்டேட் செய்திருக்க வேண்டும். செட்டப் மெனுவில் கடைசிப் பக்கம் போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும். நிக்கான் தளத்தில் இலவசமாக இறக்கி, மெமரி கார்டில் போட்டு, பேட்டரி முழுக்கச் சார்ஜ் இருக்கும்போது செய்துகொள்ளலாம். அப்டேட் செய்யாத பாடியில் ஏஎஃப்-பி லென்ஸைப் போட்டுவிட்டு "லென்ஸ் செத்துவிட்டது" என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. அதே லென்ஸை டி90, டி3100, டி3200, டி5100, டி7000 வைத்திருப்பவர்கள் வாங்கவே கூடாது. அந்தப் பாடிகளுக்கு அப்டேட்டும் கிடையாது. ஏஎஃப்-பி-யில் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரம் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால் கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. டி7000 டி5300-ஐ விட உயர்ந்த ரகப் பாடி, மோட்டாரும் உண்டு, இருந்தும் இந்த லென்ஸ் அதற்கு ஆகாது. "பெரிய பாடி என்றால் எல்லாம் ஓடும்" என்ற கணக்கு இங்கே தப்பும்.

"ஈ" எழுத்து லென்ஸ்கள் உங்கள் டி5300-ல் பிரச்சினையில்லாமல் ஓடும். டி90, டி80, டி3000 போன்ற பழைய பாடிகளில் மட்டும் அபெர்ச்சர் முழுக்கத் திறந்தபடியே நின்றுவிடும். இன்னொரு "ஈ"யும் இருக்கிறது: 1979 வாக்கில் வந்த "சீரீஸ் ஈ". அது முழுக்கக் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ், புது "ஈ"க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "நிக்கான் 50 எம்எம் 1.8 ஈ, லேட்டஸ்ட் எலெக்ட்ரானிக்" என்று யாராவது போட்டால் சிரித்துவிட்டுத் தாண்டிவிடலாம்.

சரி, 50 எம்எம். இங்கே விஷயம் எளிது. ஏஎஃப் 50 எஃப்/1.8டி என்பது மோட்டார் இல்லாதது, ஃபில்டர் 52, லென்ஸின் அடியில் அபெர்ச்சர் எண்கள் எழுதிய வளையம் தெரியும். ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8ஜி என்பது மோட்டார் உள்ளது, 2011-ல் வந்தது, ஃபில்டர் 58, வளையம் இல்லை. உங்களுக்கு இரண்டாவது.

ஆனால் "டி"யைக் குப்பை என்று சொல்லவும் மாட்டேன். உங்கள் பாடியில் அதைப் போட்டால் மீட்டர் ஓடும், எல்லா மோடும் ஓடும், அபெர்ச்சரைப் பாடியிலிருந்தே மாற்றலாம். ஃபோகஸ் மட்டும் கையால். வ்யூஃபைண்டரின் இடது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்து, ஃபோகஸ் வந்துவிட்டது என்று காட்டும். பூ, சிலை, சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போதும். ஓடுகிற குழந்தையை எஃப்/1.8-ல், டி5300-ன் அந்தச் சின்ன வ்யூஃபைண்டர் வழியாகக் கையால் பிடிப்பதென்றால் நூற்றில் பத்து தேறினால் பெரிது.

"டி" லென்ஸ் வாங்குகிற யாருக்கும் ஒரு தகவல். மாட்டியதும் திரையில் "எஃப்ஈஈ" என்று மின்னி, ஷட்டர் அடிக்காமல் நிற்கலாம். அது பழுது இல்லை. லென்ஸில் உள்ள அபெர்ச்சர் வளையத்தை 22 போன்ற கடைசி எண்ணுக்குத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். இந்த ஒரு எழுத்துக்குப் பயந்து நல்ல லென்ஸை "எரர் வருது, பார்த்து எடுத்துக்கோங்க" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் உள்ள பாடி வைத்திருப்பவருக்கு அது அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் சென்சார் டிஎக்ஸ், அதாவது சின்ன அளவு. 50 எம்எம் லென்ஸ் அதில் 75 எம்எம் அளவுக்கு நெருக்கிக் காட்டும். பத்துக்குப் பத்து அறைக்குள் குழந்தையின் முகம் மட்டும்தான் கிடைக்கும், பின்னால் போகச் சுவர் விடாது. வீட்டுக்குள் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி-யைத் தேடுங்கள். 2009-லிருந்து வருகிறது, செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். அதிலும் ஒரு கவனம்: 35 எஃப்/1.8ஜி ஈடி என்று ஃபுல் ஃபிரேமுக்கு வேறு ஒன்று இருக்கிறது. அதுவும் உங்களுக்கு ஓடும், ஆனால் விலை கூடுதல். விலையைப் பார்த்துத் தடுமாற வேண்டாம், பெயரில் "டிஎக்ஸ்" இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். விற்பவரிடம் "டி5300-ல் வேலை செய்யுமா?" என்று கேட்காதீர்கள். "செய்யும்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதற்குப் பதிலாக இப்படி அனுப்புங்கள்: "அண்ணா, லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றி, பின்மூடியை எடுத்துவிட்டு, மவுண்ட் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்ப முடியுமா? லென்ஸின் மேல் பெயர் எழுதியிருக்கிற இடம், சுவிட்ச் இருக்கிற பக்கம், இதையும் ஒவ்வொன்று." மூன்று படம். கூகுளில் எடுத்த படத்தைப் போட்டு விளம்பரம் செய்கிறவர் இந்த இடத்திலேயே கழன்றுகொள்வார், அதுவும் லாபம்தான்.

வந்த பின்பக்கப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். உலோக வளையத்தில், தட்டைத் திருப்புளி நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் கொண்ட திருகு தெரிகிறதா? அது பாடி மோட்டார் சுழற்றுவதற்கான இடம். அது இருந்தால் டி5300-ல் ஆட்டோஃபோகஸ் கிடையாது. அடுத்து, வளையத்தின் உள்விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றனவா? அவை மின் தொடர்புகள். ஒன்றுமே இல்லையென்றால் அது சிப் இல்லாத பழைய மேனுவல் லென்ஸ். கடைசியாக, உள்ளே ஓரமாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நெம்பு. டி, ஜி லென்ஸ்களில் அபெர்ச்சரை மூடித் திறப்பது அதுதான். ஈ லென்ஸில் அது இருக்காது. கேனான் ஈஎஃப் லென்ஸிலும் இருக்காது, ஆகவே "நிக்கான்" என்று விற்கப்படும் சிக்மா, டாம்ரான் ஜி வகை லென்ஸில் நெம்பு காணவில்லையென்றால் அது கேனான் மவுண்டாக இருக்க வாய்ப்பு உண்டு.

சிக்மா, டாம்ரான், டோக்கினா பக்கம் போனால் இந்தப் படம் இன்னும் அவசியம். ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் உள்ளே மோட்டார் இருப்பதும் இல்லாததும் உண்டு. நல்ல உதாரணம் டாம்ரான் 70-300 எஃப்/4-5.6 டிஐ எல்டி மேக்ரோ. மாடல் எண் ஏ17. நம் ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கும் என்கிற அளவுக்கு ஓடிய லென்ஸ். நிக்கானுக்கென முதலில் வந்ததில் மோட்டார் இல்லை. பிறகு மோட்டார் வைத்து மாடல் எண்ணோடு "என்2" சேர்த்து விட்டார்கள், அட்டைப்பெட்டியில் அது ரோமன் எழுத்தில் இருக்கும். பெட்டி தொலைந்துபோன லென்ஸுக்குப் பின்பக்கத் திருகுதான் சாட்சி. டாம்ரான் பெயரில் "யுஎஸ்டி", "பிஸட்டி", சிக்மா பெயரில் "எச்எஸ்எம்" இருந்தால் மோட்டார் உண்டு, கவலை வேண்டாம். டோக்கினா 11-16 எஃப்/2.8-ல் முதல் பதிப்பு நிக்கானுக்கு மோட்டார் இல்லாமல் வந்தது, இரண்டாம் பதிப்பில் உண்டு. விற்பவர்கள் அந்த "2"-ஐ விளம்பரத்தில் எழுத மறப்பார்கள், இல்லாத இடத்தில் சேர்ப்பார்கள்.

அப்புறம் மேனுவல் லென்ஸ் ஆசை. இது ஒருநாள் எல்லாருக்கும் வரும். பழைய நிக்கார் ஏஐ லென்ஸ்கள் உங்கள் பாடியில் உட்காரும், ஆனால் மீட்டர் ஓடாது, எல்லாவற்றையும் கையால் அமைக்கும் "எம்" மோடில் மட்டும்தான் எடுக்க முடியும். ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) பார்த்து, ஷட்டரைத் திருத்தி மறுபடி எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் சுகமான வேலை. 1977-க்கு முந்தைய ஏஐ அல்லாத லென்ஸ்கள் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் மாட்டும். ஆனால் டி7000, டி7200, டி750 போன்றவற்றில் அதைத் திணித்தால் மவுண்டின் ஓரத்தில் இருக்கும் மீட்டர் நெம்பு உடையும். உங்கள் டி5300-ல் அந்த நெம்பே இல்லை என்பதால்தான் அது தப்பிக்கிறது. லென்ஸை நண்பரின் பெரிய பாடியில் போட்டுப் பார்க்கக் கொடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ-யை அடையாளம் காண, அபெர்ச்சர் வளையத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மவுண்டை ஒட்டிச் சின்ன எழுத்தில் இரண்டாவது வரிசை இருந்தால் ஏஐ.

ஜெனிட் காமிராவோடு வந்த ஹீலியோஸ் 44-2 போன்ற எம்42 திருகு லென்ஸ்களை "அடாப்டர் போட்டு எந்த காமிராவிலும்" என்று விற்பார்கள். நிக்கானுக்கு அது சரிவராது. லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் உள்ள தூரம் நிக்கான் எஃப்-ல் 46.5 எம்எம். எம்42-ல் 45.46. லென்ஸ் தான் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிடுவதால் தூரத்துக் காட்சி கூர்மையாகவே வராது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் தூரம் கிடைக்கும், ஆனால் படத்தின் தரம் போகும். கேனான் ஈஎஃப்-ல் இந்தத் தூரம் 44 எம்எம் என்பதால் அவர்கள் எம்42-ஐயும் போடலாம், நிக்கான் லென்ஸையும்கூட மேனுவலாகப் போடலாம். மிரர்லெஸ் (உள்ளே டிஎஸ்எல்ஆர் மாதிரி கண்ணாடி இல்லாத) பாடிகளில் இன்னும் குறைவு: சோனி ஈ 18, நிக்கான் ஸட் 16. அதனால் அவற்றில் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் அடாப்டரோடு உட்காரும். தூரம் அதிகமுள்ள மவுண்டின் லென்ஸைத் தூரம் குறைந்த பாடியில் போடலாம், திருப்பிப் போட முடியாது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் அடாப்டர் விளம்பரம் பாதியைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

மற்ற பிராண்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேனானில் ஈஎஃப்-எஸ் லென்ஸ் (வெள்ளைச் சதுரக் குறி) சின்ன சென்சார் பாடிக்கு மட்டும், ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் உட்காராது. சிவப்புப் புள்ளி உள்ள ஈஎஃப் இரண்டிலும் உட்காரும். ஆர்எஃப் லென்ஸ் டிஎஸ்எல்ஆருக்கு எந்த அடாப்டரிலும் வராது. ஃபிலிம் காலத்துச் சிக்மா ஈஎஃப் லென்ஸ்கள் பல டிஜிட்டல் கேனானில் அபெர்ச்சரைக் குறைத்ததும் எரர் காட்டி நின்றுவிடும், விற்பவர் முழுத் திறப்பில் ஒரு படம் எடுத்துக் காட்டி நம்ப வைத்துவிடுவார், எஃப்/8-ல் எடுக்கச் சொல்லுங்கள். சோனியில் ஆல்ஃபா ஏ6000 வைத்துக்கொண்டு "சோனி லென்ஸ்" என்று மலிவாக வரும் பழைய ஏ மவுண்ட் லென்ஸை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. அது மினோல்டா 1985-ல் கொண்டுவந்த மவுண்ட், ஏ6000-ல் இருப்பது ஈ மவுண்ட், நடுவில் போடும் அடாப்டர் லென்ஸை விட விலை அதிகமாக இருக்கும்.

நாளைக்கு டி750 மாதிரி ஃபுல் ஃபிரேமுக்கோ ஸட் மிரர்லெஸ்ஸுக்கோ போகிற எண்ணம் உண்டா? ஃபுல் ஃபிரேமில் டிஎக்ஸ் லென்ஸ் ஓடும், ஆனால் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும், 24 மெகாபிக்சல் பத்துச் சொச்சமாகக் குறையும். ஸட் பாடியில் எஃப்டிஸட் அடாப்டர் போட்டால் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் ஆகும். திருகு வகை ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள் ஆகாது, ஏனென்றால் அந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லை, அதன் இரண்டாம் பதிப்பிலும் வைக்கவில்லை. நிக்கானின் திருகு வகை லென்ஸ்கள் மலிவாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே இப்போதே மோட்டார் உள்ளதாக வாங்கினால் பின்னாலும் கைகொடுக்கும்.

பெயர், பின்பக்கம், ஃபில்டர் அளவு மூன்றும் ஒத்துப்போனால், அந்த லென்ஸில் எடுத்த ஒரு அசல் படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தகவல் அழிந்துவிடும், "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைத் திறந்து பார்த்தால் எந்தப் பாடி, எந்த லென்ஸ், எந்த அபெர்ச்சர் என்று இருக்கும். எஃப்/8, எஃப்/11-ல் எடுத்த படம் இருந்தால் நல்லது. திறந்த அபெர்ச்சரில் மட்டும் எடுத்துக் காட்டினால் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறி மெதுவாகிவிட்டதா என்று தெரியாது. 70-300 போன்ற ஜூமென்றால் 300-ல் எடுத்த படம்.

நேரில் பார்க்க முடிந்தால் இதெல்லாம் வேண்டாம். உங்கள் பாடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மாட்டி, பாதி அழுத்திப் பார்த்துவிடுங்கள். பக்கத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் ஓடுகிறதா, விஆர் போட்டால் வ்யூஃபைண்டரில் காட்சி அமைதியாகிறதா, எஃப்/11-ல் படம் வெளிறாமல் வருகிறதா. கூடவே ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சென்னை மாதிரி கடற்கரை ஊர்களில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை படர்ந்திருப்பது சகஜம். ஓரத்தில் ஒன்றிரண்டு தூசி இருப்பது ஒன்றும் செய்யாது, பூஞ்சை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

முன்பணம் கேட்பவர், "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன்" என்பவர், பணத்தைத் திருப்பித் தரக் க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்பவர், மூவரிடமும் பேச்சை வளர்க்க வேண்டாம். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் எங்கேயும் தேவையில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆரைத் தேடுவேன், எடை குறைவு, சத்தம் இல்லை, ஃபோகஸ் வேகம். அது கிடைக்காவிட்டால் 2006-ன் ஏஎஃப்-எஸ் விஆர். விஆர் இல்லாத ஏஎஃப்-பி-யை 300 எம்எம்-ல் கையில் பிடித்துப் பறவை எடுப்பது கஷ்டம், ட்ரைபாட் தூக்குவதென்றால் சரி. 50-க்குப் பதிலாக டிஎக்ஸ் 35. இன்றைக்கே பாடியின் ஃபர்ம்வேரைப் பார்த்து அப்டேட் செய்துவிடுங்கள். லென்ஸ் விற்பவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.